தமிழ் வாசிப்பை அளக்க ஒரு சோதனைத் தொகுப்பு: ஆய்வு மாணவர்களுக்கான செய்முறை

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘பாம்பு’ என்ற சொல்லைக் கூட்டி வாசிக்கிறாள். கடைசி ‘பு’வை, ‘புலி’யில் வரும் ‘பு’ போலவே வல்லோசையாகச் சொல்கிறாள். மூன்று எழுத்தும் சரி. ஆனால் வாயிலிருந்து வந்தது அவள் தினமும் பேசும் பாம்பு இல்லை. பக்கத்துப் பையன் அதே சொல்லைச் சரியான ஓசையோடு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறான். ஆனால் அடுத்த வரியில் ‘மாலை’யை ‘மலை’ என்கிறான். இருவருக்கும் ஒரே மதிப்பெண் போடும் சோதனை எதையும் சொல்லாது. ஒருத்திக்கு எழுத்து வந்திருக்கிறது, சொல் வரவில்லை. இன்னொருவனுக்குச் சொல் வந்திருக்கிறது, குறில் நெடில் குறி வரவில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் தொகுப்பு ஒன்றை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காக எப்படித் தயாரிப்பது, எப்படி நடத்துவது, எப்படி எண்ணுவது என்பதே இங்கே விஷயம். கல்வியியல், மொழியியல், பேச்சு-மொழிச் சிகிச்சை ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத்துக்காக உருவான வாசிப்புச் சோதனையை மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் நம் பக்கத்து ஆய்வேடுகளில் அதிகம் காணும் பிழை. ஆங்கிலத்தில் 26 எழுத்து. அதன் சிக்கல் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள ஒழுங்கின்மையில் இருக்கிறது. தமிழில் 247 எழுத்து. சிக்கல் குறிகளின் எண்ணிக்கையிலும், அவை நிற்கும் இடத்திலும், எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியிலும் இருக்கிறது. சோதனை அந்த இடங்களைத் தொட வேண்டும்.

பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் கணக்கெடுப்பில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரே தாளில் நிலைகள் இருக்கும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சில நிமிடங்களில் சொல்ல அது நல்ல கருவி. ஏன் அந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்ல அது உருவாக்கப்படவில்லை. உங்கள் கேள்வி ‘எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்’ என்றால் அசர் தாளே போதும். ‘எங்கே தடுக்கிறது’ என்றால் மேலே படியுங்கள்.

தொடங்கும் முன்: காது, கண், நாக்கு

மூக்கொழுகும் காலத்தில் ஒரு காது மந்தமான பிள்ளையைச் சோதித்துவிட்டு ‘ஒலியுணர்வு குறைவு’ என்று எழுதுவது ஆய்வுக்கும் பிள்ளைக்கும் கேடு. ஆடியோமீட்டர் வைத்து, ஒவ்வொரு காதிலும் 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். ஓர் அலைவரிசையில் தவறினாலும் அந்தப் பிள்ளையை மறுநாள் மீண்டும் பாருங்கள். அப்போதும் தவறினால் பெற்றோரிடம் சொல்லிக் காது மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, அந்தப் பிள்ளையின் தரவைத் தனியாக வையுங்கள். அரசுப் பள்ளிகளில் குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழுவின் பரிசோதனைப் பதிவு இருந்தால் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணாடி போடச் சொல்லியும் போடாத பிள்ளைகள் அதில் தெரிவார்கள்.

அடுத்தது உச்சரிப்பு. 20 படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள்: பழம், பள்ளி, பல், மழை, கிளி, றகர இரட்டிப்புக்குக் காற்றாடி என்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நிமிடம் போதும். பேச்சிலேயே ‘பளம்’ என்று சொல்லும் பிள்ளை ‘பழம்’ என்ற எழுத்தைப் பார்த்து ‘பளம்’ என்று வாசித்தால் அது வாசிப்புப் பிழையே இல்லை. ழகரம் பல பிள்ளைகளுக்குத் தாமதமாகவே வரும். சில ஊர்களில் பெரியவர்கள் பேச்சிலேயே அது ளகரம்தான். இந்தப் படப் பட்டியல் இல்லாமல் நடத்திய சோதனையில் ல, ள, ழ பற்றி எழுதும் எந்த முடிவும் நிற்காது.

எழுத்துத் தாள்

247 எழுத்தையும் கேட்க வேண்டாம். ஙகர வரிசையில் ‘ங்’ தவிர மற்றவை பிள்ளை கண்ணில் படுவதே அபூர்வம். ஞகர வரிசையிலும் ஔகார வரிசையிலும் பெரும்பகுதி அப்படித்தான். 60 எழுத்து போதும், ஆனால் பிரித்து எடுக்க வேண்டும்:

உயிர் 10. புள்ளி வைத்த மெய் 6. அகரம் ஏறிய உயிர்மெய் 12. துணைக்காலும் மேல்விலங்கும் வாங்கிய உயிர்மெய் (கா, மி, தீ போன்றவை) 10. உகர, ஊகார உயிர்மெய் 12. கொம்பு வாங்கியவை (கெ, பே, லை, மொ, தோ) 10.

உகர ஊகாரத்துக்கு ஏன் இத்தனை? மற்றக் குறிகள் தனியாக நிற்கும், பிள்ளை ஒருமுறை கற்றால் எல்லா மெய்யிலும் ஒட்டிக்கொள்ளலாம். உகரம் அப்படி இல்லை. கு, டு, மு, ரு ஒரு மாதிரி சுழிக்கும். சு, பு, வு கீழே கோடு இறங்கும். து, நு, ணு, லு, று வலப்பக்கம் மடியும். ஊகாரத்தில் ‘கூ’ தனி வடிவம். பிள்ளை இவற்றை ஏறத்தாழ ஒவ்வொன்றாகவே கற்க வேண்டியிருக்கிறது. மூன்று உகர வகையிலிருந்தும் இரண்டிரண்டு, ஊகாரத்திலிருந்து ஆறு எடுத்தால், எந்த வகை வரவில்லை என்பதுவரை சொல்லலாம். ‘டி’, ‘டீ’ இரண்டும் உருமாறுபவை; விலங்கு வகையில் அவற்றில் ஒன்றாவது இருக்கட்டும்.

கொம்பு வேறு வகைத் தொல்லை. ஒலியில் மெய் முதலில் வருகிறது, உயிர் பிறகு. தாளில் ஒற்றைக்கொம்பு முதலில் நிற்கிறது, மெய் பிறகு. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நின்று மெய்யைச் சிறைபிடிக்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு உருவாகச் சொல்லிப் பழகிய பிள்ளை ‘மொ’வை ‘மெ’ என்று நிறுத்திவிட்டுத் துணைக்காலை ‘ர’ என்று தொடர்வது உண்டு. துணைக்காலும் ரகரமும் உருவில் அவ்வளவு நெருக்கம். ஆகவே எழுத்துரு தேர்வில் கவனம் தேவை: ‘ர’வின் கால் தெளிவாகச் சாய்ந்திருக்கும் எழுத்துருவையே எடுங்கள், பாடநூல் எழுத்துருவுக்கு அருகில் இருந்தால் இன்னும் நல்லது. எழுத்துத் தாளுக்கு 36 புள்ளி அளவு, வரிக்கு 10 எழுத்து, ஆறு வரி. ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் ஒன்றுபோல் தெரிவதால் ‘வௌ’வும் ‘வெள’வும் பெரியவர்களையே ஏமாற்றும், தாளில் அதைச் சேர்க்காதீர்கள்.

வரிசையைக் கட்டாயம் கலையுங்கள். ‘க, ங, ச’ என்றோ ‘க, கா, கி, கீ’ என்றோ அடுத்தடுத்து நின்றால் பிள்ளை தாளைப் பார்க்காமலே ராகமாக ஒப்பித்துவிடும். முதல் வகுப்பில் கிடைக்கும் ‘நூற்றுக்கு நூறு’ பலவும் இப்படி வந்தவை.

எதைச் சரி என்று ஏற்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். சில பிள்ளைகள் ‘ஆனா, ஆவன்னா’ என்று பெயர் சொல்வார்கள், சிலர் ‘அ, அம்மா’ என்பார்கள், சிலர் வெறும் ஓசை. மூன்றையும் ஏற்கலாம். ‘அம்மா’ என்று மட்டும் சொன்னால் ஒருமுறை ‘எழுத்து என்ன?’ என்று கேட்கலாம். ‘க’வை வல்லோசையாகவோ மெல்லிய ஓசையாகவோ எப்படிச் சொன்னாலும் சரி, தனி எழுத்தில் அதைத் தீர்மானிக்க எந்தக் குறிப்பும் இல்லை.

சொல் தாளும் பொய்ச்சொல் தாளும்

சொற்களை மனத்தில் தோன்றியபடி எழுதாதீர்கள். ஒன்று முதல் மூன்று வரை தமிழ்ப் பாடநூல்களைத் தட்டச்சு செய்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ‘வீடு, வீட்டில், வீட்டுக்கு’ மூன்றையும் ஒரே சொல்லின் கீழ் கூட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அடிக்கடி வரும் பெயர்ச்சொற்கள்கூட அரிய சொற்களாகத் தோன்றும். பட்டியலின் மேல்பாதியிலிருந்து 20, கீழ்ப்பாதியிலிருந்து 20 எடுத்து, இரண்டு பாதியிலும் இரண்டெழுத்து முதல் ஐந்தெழுத்து வரை சமமாக இருக்கும்படி பாருங்கள்.

எழுத்தெண்ணிக்கையைக் கணினியிடம் விட்டால் ஒரு சிக்கல் வரும். எக்செல்லில் ‘பந்து’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணிவிடும். குறிகளையும் புள்ளியையும் கழித்து, அடி உருவங்களை மட்டும் எண்ணினால் 3 வரும். அதுவே சரி. இன்னொன்று: ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, எண்ணிக்கையில் தெரியும். எண்ணத் தொடங்கும் முன் எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு சொல்லுக்குள் ஓசை மாறும் இடங்களைத் திட்டமிட்டுச் சேருங்கள். மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் (தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, தம்பி), இரட்டித்த வல்லினம் (பக்கம், பச்சை, பட்டம், பத்து, அப்பா), உயிருக்கு நடுவே தனித்து வரும் வல்லினம் (பகல், பசு, படம், கதவு, கபடி) என மூன்று வகையிலும் ஐந்தைந்து. இந்த மூன்று வகையிலும் எழுத்து ஒன்றே, ஓசை வேறு. எழுத்தறிவிலிருந்து சொல்லறிவுக்குப் பிள்ளை கடக்கும் இடம் இதுதான். ‘தம்பி’யின் ‘பி’யை வல்லோசையாகச் சொல்லும் பிள்ளைக்கு எழுத்து மதிப்பெண் உண்டு, சொல் மதிப்பெண் இல்லை என்று இரண்டு கட்டங்களாகப் பதியுங்கள்.

பொருளில்லாமல் நாமே புனையும் பொய்ச்சொல் எதற்கு? முன்பு பார்த்தே இராத சொல்லைப் பிள்ளை நினைவிலிருந்து எடுக்க முடியாது. எழுத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். 20 பொய்ச்சொல் போதும். அவை தமிழ்போல் இருக்க வேண்டும். ட, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்கக் கூடாது. வல்லின மெய்யில் முடியக் கூடாது. மெய்ம்மயக்கம், அதாவது மெய்கள் அடுத்தடுத்து வரும் சேர்க்கை, தமிழில் இயல்பாக வருவதாக (ட்ட, ந்த, ம்ப, ல்ல) இருக்க வேண்டும். ‘பூமசை’, ‘கீதவல்’, ‘தோமிக்கை’, ‘வேசுப்பல்’ போன்றவை சரிப்படும். ‘மரம்’ என்பதில் ஒரு குறியை மாற்றி ‘முரம்’ என்று ஆக்கினால் சரிப்படாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ரகரமும் றகரமும் ஒரே ஓசை, ஆகவே காதுக்கு அது அரிசி புடைக்கும் முறமாகிவிடும். பட்டியல் முடிந்ததும் அதே ஊரைச் சேர்ந்த ஐந்து பெரியவர்களிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். ஊர்ப்பெயர், வட்டார வழக்கு, வசைச்சொல் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒலியைப் பிரித்தறிதல்

1974-இல் இசபெல் லிபர்மேனும் உடன் ஆய்ந்தவர்களும் அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். சொல்லைக் கேட்டு, அதில் எத்தனை அசை அல்லது எத்தனை ஒலி இருக்கிறதோ அத்தனை முறை மேசையில் குச்சியால் தட்ட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் அசையைச் சரியாகத் தட்டினார்கள். தனி ஒலியை ஒருவர்கூடத் தட்டவில்லை. முதல் வகுப்பு முடிவில் ஒலியைத் தட்டியவர்கள் 70 சதவீதம். இந்த ஏற்றத்துக்குப் பின்னால் அகரவரிசையைக் கற்றதற்கு ஒரு பங்கு உண்டு என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. 1979-இல் வெளியான போர்ச்சுகல் ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லத் திணறினார்கள்; அதே பின்னணியில் பெரியவர்களாகிப் படிக்கக் கற்றவர்கள் செய்தார்கள்.

நம் எழுத்து முறைக்கு நெருக்கமான பாடம் கன்னடத்திலிருந்து கிடைக்கிறது. சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன்னட எழுத்துகளைக் கற்பது தொடக்க வகுப்புகளைத் தாண்டியும் நீள்வதும், தனி ஒலியுணர்வு மெதுவாகவே தலைகாட்டுவதும் தெரிந்தன. கன்னட எழுத்தும் தமிழ் எழுத்தும் அசையை ஒட்டி அமைந்தவை. எனவே ‘முதல் வகுப்பிலேயே தனி ஒலி பிரிக்கத் தெரியவில்லை, குறைபாடு’ என்று ஆங்கில அளவுகோலை வைத்து எழுதிவிடாதீர்கள்.

சோதனையில் இரண்டு பகுதி வையுங்கள். அசை நீக்கம் 10, ஒலி நீக்கம் 10. அசை நீக்கம் எளிது: ‘கண்ணாடி’யில் ‘டி’யை விட்டால் என்ன? ‘கண்ணா’.

ஒலி நீக்கத்தில்தான் தமிழுக்கே உரிய வழுக்கல் இருக்கிறது. ‘பால்’ என்பதில் ‘ல்’லை நீக்கச் சொன்னால் அது ஒலி நீக்கம்போலத் தோன்றும். ஆனால் ‘ல்’ புள்ளி வைத்த தனி எழுத்து. பிள்ளை எழுத்தைத்தான் நீக்குகிறது. உண்மையான ஒலி நீக்கம் வேண்டுமென்றால் சொல்லின் முதலில் உள்ள உயிர்மெய்யை உடைக்க வேண்டும். பயிற்சிக்கு ‘மாடு’, ‘தூசி’ நல்லவை. ‘மாடுன்னு சொல்லு. இப்ப அதுல ம் சத்தத்த மட்டும் விட்டுட்டுச் சொல்லு’ என்றால் ‘ஆடு’ வர வேண்டும், தூசியில் ‘ஊசி’. விடை தெரிந்த சொல்லாக இருப்பதால் விளையாட்டு புரிந்துவிடும். மதிப்பெண்ணுக்கு உரிய 10 சொல்லிலும் விடை தெரிந்த சொல்லாக இருக்கக் கூடாது: மீசை, பூனை, காசு என்பதுபோல் எடுங்கள்.

விடைகளை மூன்றாகப் பதியுங்கள். ‘மீசை’க்கு ‘ஈசை’ சரி. ‘சை’ என்று மட்டும் சொன்னால் பிள்ளை ‘மீ’ முழுவதையும் நீக்கிவிட்டது; எழுத்துதான் அதற்கு அலகு. இதைப் பிழைக்குள் புதைக்காமல் தனிக் குறியீடு கொடுங்கள், ஆய்வேட்டின் மிகப் பயனுள்ள எண் இதுவாக இருக்கலாம். மற்றவை மூன்றாம் வகை. ‘யீசை’ என்று வந்தாலும் சரியே. தமிழ்ப் பேச்சில் சொல் முதல் இ, ஈ, எ, ஏ முன் யகரச் சாயல் ஒட்டுவது இயல்பு.

மகரத்திலும் னகரத்திலும் முடியும் சொற்களை வாய்மொழிச் சோதனையில் தவிருங்கள். பேச்சில் ‘மரம்’ என்பதன் கடைசி மகரம் வாயில் நிற்பதில்லை, மூக்கோசையாகக் கரைந்துவிடுகிறது. இல்லாத ஒலியை நீக்கச் சொன்னால் பிள்ளை விழிக்கும். ‘பால்’, ‘கல்’ போன்றவையும் பேச்சில் ‘பாலு’, ‘கல்லு’ ஆகிவிடுவதால், உயிரில் முடியும் ஈரசைச் சொற்களே பாதுகாப்பு.

வேகமாகப் பெயர் சொல்லுதல்

ஐந்து படங்கள், வரிக்கு 10 வீதம் ஐந்து வரி, மொத்தம் 50. முடிக்க எத்தனை நொடி என்பதே அளவு. ஆய்வாளர்கள் டெங்க்லாவும் ரூடலும் 1970-களில் உருவாக்கிய வடிவம் இது. நிறங்களை எடுக்காதீர்கள், ‘ரெட்டு, செவப்பு, செகப்பு’ என்று பிள்ளை தடுமாறுவதில் நேரம் போகும். எண்களும் பல பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலேயே வாயில் வரும். நாய், பூ, வீடு, பந்து, கை ஆகிய ஐந்தும் போதும். தொடங்கும் முன் ஐந்து படத்துக்கும் பெயர் தெரியுமா என்று பார்த்துவிடுங்கள்.

பத்தியும் கேட்டுப் புரிதலும்

வாசிப்பு ஆய்வாளர்கள் காஃபும் டன்மரும் 1986-இல் முன்வைத்த எளிய கணக்கு இங்கே உதவும்: வாசித்துப் புரிதல் என்பது, எழுத்தைக் கூட்டும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கிய அளவு. இரண்டில் ஒன்று சுழியமானால் பெருக்கலும் சுழியம். ஆகவே இரண்டையும் அளக்க வேண்டும். 60 முதல் 80 சொல் உள்ள இரண்டு பத்திகளை எழுதுங்கள். நீளம், வாக்கிய அமைப்பு, அரிய சொற்கள் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் முதல் பத்தியை வாசித்து இரண்டாவதைக் கேட்கட்டும், மீதிப் பாதி மாற்றி. ஒவ்வொன்றுக்கும் ஆறு கேள்வி: நான்கு பத்தியிலேயே விடை உள்ளவை, இரண்டு ஊகிக்க வேண்டியவை. பத்தியை வாசிக்காமலே விடை சொல்லக்கூடிய கேள்வியா என்று, பத்தியைப் பார்க்காத சில பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்து வடிகட்டுங்கள்.

கேட்கும் பத்தியை எழுத்துத் தமிழில் வாசிப்பதா, பேச்சுத் தமிழில் சொல்வதா? இரண்டும் வேறு வேறு அளவுகள். எழுத்துத் தமிழில் வாசித்தால் ‘செய்கிறாள், சென்றன, அதனால்தான்’ போன்றவை பிள்ளைக்குப் பழக்கமா என்பதும் சேர்ந்தே அளக்கப்படும். நேரம் இருந்தால் மூன்றாவது பத்தி ஒன்றைப் பேச்சுத் தமிழில் பதிவுசெய்து போடுங்கள். பேச்சில் புரிந்து எழுத்துத் தமிழில் புரியாத பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டுவதே மருந்து. இரண்டிலும் புரியாத பிள்ளையின் மொழி வளர்ச்சியையே பேச்சு-மொழிச் சிகிச்சையாளர் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் காட்டாமல் இருவரையும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்ப்பது பெரிய அநியாயம்.

பிள்ளை முன் உட்காரும்போது

பள்ளி அனுமதி, பெற்றோரின் எழுத்து ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் மூன்றும் வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் பிள்ளையை ஆசிரியர் அதட்டி அனுப்பினால் அந்தச் சோதனை செல்லாது.

மொத்தம் 40 நிமிடம் ஆகும். ஒரே மூச்சில் நடத்தாமல் இரண்டு நாளாகப் பிரியுங்கள்: முதல் நாள் எழுத்து, சொல், படப்பெயர், மறுநாள் மற்றவை. சத்துணவு நேரத்துக்குச் சற்று முன்பும், கடைசிப் பாடவேளையிலும் வேண்டாம். தொடர்ந்து பத்துப் பிழை வந்தால் அந்தத் தாளை நிறுத்திவிட்டு, எளிதான ஒன்றோடு முடியுங்கள். தோற்ற முகத்தோடு பிள்ளை வகுப்புக்குத் திரும்பக் கூடாது. ‘சரி’, ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். ‘நல்லா முயற்சி பண்ற’ என்று எல்லாருக்கும் ஒரே அளவில் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் பதிவுசெய்யுங்கள். சுருக்காத வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம். அது ஒலியைச் சுருக்கிவிடும்; ல, ள போன்ற நுண்ணிய வேறுபாடுகள் மங்கலாம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே வைத்தால் பகரத்தில் காற்று மோதும். மின்விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பிடிப்பதைவிட, பிறகு பிராட் என்ற ஒலிப் பகுப்பாய்வு மென்பொருளில் ஒலி அலையைப் பார்த்து அளப்பது துல்லியம். கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் வேறு இடத்தில் பூட்டி இருக்கட்டும்.

பிழையைப் பிரித்து எண்ணுவது

பத்தியில் இப்படி இரண்டு வாக்கியம் இருக்கிறது என்று கொள்ளுங்கள்: ‘கிளி கூட்டை விட்டுப் பறந்தது. மாலையில் திரும்பி வந்தது.’ பிள்ளை வாசிப்பது: ‘கிளி கூட்டெ விட்டு பறந்துச்சு. மலையில் திரும்பி வந்துச்சு.’

எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஏழு சொல்லில் ஐந்து பிழை. அதாவது வாசிக்கத் தெரியாத பிள்ளை. ஆனால் ‘கூட்டெ’, ‘பறந்துச்சு’, ‘வந்துச்சு’ மூன்றும் பேச்சு வடிவம். சொல்லின் பொருள் பிடிபட்டதால்தான் வாய் வீட்டு வழக்குக்குத் தாவியது. ‘விட்டுப்’ என்பதில் ‘ப்’ என்ற ஒற்றை விட்டது பேச்சில் எல்லாரும் செய்வது. மிஞ்சுவது ஒன்று, ‘மாலை’ ‘மலை’ ஆனது. அது மட்டுமே பிழை, அதுவும் துணைக்காலைத் தவறவிட்ட குறிப் பிழை. கிளி மலையில் திரும்பி வந்ததாகப் பிள்ளை நினைத்துக்கொண்டதா என்பதைக் கேள்விக்கான விடை காட்டிவிடும்.

எனவே குறியீட்டுத் தாளில் இந்த வகைகள் இருக்கட்டும்: குறில் நெடில் குழப்பம், வேறு உயிர்க்குறி, புள்ளியைக் கவனிக்காதது (‘பந்து’வை ‘பநது’ என்பது), உருவொற்றுமை (ண/ன, ந/த, எ/ஏ), வல்லின ஓசைப் பிழை, வேறு சொல்லாக ஊகித்தது, விட்டுவிட்டது, பேச்சு வடிவம். கடைசி வகையை எண்ணுங்கள், ஆனால் மதிப்பெண்ணில் கழிக்காதீர்கள். ந/ன, ர/ற குழப்பம் வாசிப்பில் பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. அதை அறிய வேண்டுமானால் 10 சொல் சொல்லெழுத்துத் தனியாக வைக்க வேண்டும்.

பதிவுகளில் ஐந்தில் ஒரு பங்கை, முதலாமவரின் தாளைப் பார்க்காத இன்னொருவர் குறியீடு செய்யட்டும். இருவர் ஒப்பும் அளவைக் கோஹன் கப்பா கொண்டு கணக்கிடுங்கள். 0.8-க்குக் கீழே போனால் எந்த வகையில் மோதுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ‘பேச்சு வடிவம்’ என்பதற்கும் ‘விட்டுவிட்டது’ என்பதற்கும் இடையில்தான் இருக்கும். விதியைத் திருத்தி எழுதிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து குறியீடு செய்ய வேண்டும். பாதியிலிருந்து மாற்றினால் தரவு இரண்டு துண்டாகிவிடும்.

முன்னோட்டமும் கணக்கும்

முதன்மை ஆய்வில் சேராத பள்ளியில், வகுப்புக்கு 10 வீதம் 30 பிள்ளைகளிடம் முன்னோட்டம் நடத்துங்கள். எல்லாரும் சரியாகச் சொன்னதும், ஒருவரும் சொல்லாததும் தாளில் இடத்தை அடைப்பவை, நீக்குங்கள். ஆனால் ஒரு வகையே காலியாகிவிடாமல் மாற்று போடுங்கள். மொத்த மதிப்பெண்ணோடு 0.2-க்குக் கீழ் ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) உள்ள உருப்படியில் பெரும்பாலும் அச்சுப் பிழையோ வட்டார வழக்கோ ஒளிந்திருக்கும். ஒரு தாளின் உருப்படிகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா ஒவ்வொரு தாளுக்கும் தனியாக. எல்லாத் தாளையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவதில் பொருளில்லை.

கணக்குக்குள் இறங்கும் முன் ஒவ்வொரு அளவுக்கும் பரவல் படம் வரைந்து பாருங்கள். முதல் வகுப்பில் பொய்ச்சொல்லும் ஒலி நீக்கமும் சுழியத்தில் குவிந்திருக்கும். அங்கே சராசரி எடுத்து, சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போடுவது பயனற்றது. எத்தனை பேர் ஒன்றாவது சரியாகச் சொன்னார்கள் என்று எழுதுவதே நேர்மை. மூன்றாம் வகுப்பில் எழுத்துத் தாள் உச்சியில் முட்டும். அங்கே நேரத்தைப் பாருங்கள், உகர வகையை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

வகுப்புகளைக் கலந்து ஒட்டுறவு கணக்கிட்டால் எதற்கும் எதற்கும் ஒட்டுறவு வரும். வயது ஏறினால் எல்லாமே ஏறும். வகுப்புக்குள் கணக்கிடுங்கள், அல்லது வயதை மாதக் கணக்கில் எடுத்துக் கட்டுப்படுத்துங்கள். ஒரே ஆசிரியரிடம் படிக்கும் 30 பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஆகவே ஒரு வகுப்பில் 90 பேரைச் சோதிப்பதைவிட ஆறு பள்ளிகளில் 15 பேர் வீதம் எடுப்பது வலுவானது. தமிழ்நாட்டில் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் நிலைவாரிக் குழுக்களாக அமர்கிறார்கள். ஆசிரியர் எந்தக் குழுவில் வைத்திருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவும் அவர் கணிப்பும் எங்கே விலகுகின்றன என்பது இருவருக்கும் பயன்படும்.

ஆய்வு முடிந்ததும் பள்ளிக்கு மதிப்பெண் பட்டியலைக் கொடுக்க வேண்டாம். அது பிள்ளைகளை வரிசைப்படுத்தவே பயன்படும். பிழை வகைவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: இந்த வகுப்பில் 14 பேருக்குக் கொம்புக் குறியில் தடுக்கிறது, 9 பேருக்கு ஊகாரத்தில், 5 பேருக்கு எழுத்துத் தமிழைக் கேட்டால் புரியவில்லை என்பதுபோல். காது, கண் பரிசோதனைக்குப் போக வேண்டிய பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் நேரில் சொல்லுங்கள். அதை ஆய்வேடு முடியும்வரை தள்ளிவைக்கக் கூடாது. தெரிந்த அந்த வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.